பனிவிழுதும் வீட்டின் வெப்பமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கமும் நூலாய்வும் நடைபெறும் ஓர் அவையில், வீட்டுக் கூரையின் விளிம்பில் தொங்கும் பனிக்கட்டியைப் பற்றி ஓர் உரை எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. அதற்குரிய விடை இலக்கியத்திலேயே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஈழத் தமிழர் பல்லாயிரவர் டொராண்டோ, மொன்றியல், ஒஸ்லோ முதலிய குளிர்நகரங்களில் குடியேறினர். அவர்களுடைய கவிதைகளிலும் கதைகளிலும் பனி பெய்யத் தொடங்கியது. ஐந்திணையோடு ‘பனியும் பனி சார்ந்த நிலமும்’ என்று ஆறாவது திணை ஒன்றைச் சேர்த்துப் பேசும் வழக்கமும் உண்டாயிற்று. திணை என்று ஒன்றை வகுத்தால் அதற்குரிய கருப்பொருள் இன்னவை என்று சொல்ல வேண்டும். கருப்பொருளைப் பெயரளவில் அடுக்கினால் போதாது. அது எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு வளர்கிறது, அதனோடு வாழும் மக்கள் அதனை என்ன செய்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். தினைப்புனம் பாடிய புலவனுக்குக் கிளி கடியும் தட்டையும் கவணும் தெரிந்திருந்தன. நெய்தல் பாடிய புலவனுக்கு உப்பு விளையும் பாத்தியும் அதனை ஏற்றிச் செல்லும் உமணரின் வண்டியும் தெரிந்திருந்தன. பனிநிலத்தைப் பாடுவோருக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

அந்நிலத்தின் கருப்பொருள்களுள் கண்ணை முதலில் கவர்வது, வீட்டின் இறவாரத்திலிருந்து ஈட்டி போலக் கீழ்நோக்கித் தொங்கும் பனிக்கட்டி. சரவிளக்கு என்றும், பளிங்குத் தோரணம் என்றும், குளிர்காலம் தனக்குத் தானே பூட்டிக்கொண்ட அணிகலன் என்றும் அதனை வருணிப்பது எளிது. வருணனை அழகாகவே அமையும். ஆனால் பொருளின் பிறப்பை அது மறைத்துவிடும். கூரை விளிம்பில் கனத்துத் தொங்கும் பனிக்கட்டி குளிரால் மட்டும் உண்டாவதில்லை. பெரும்பாலான வீடுகளில், உள்ளிருந்து வீணாகக் கசியும் வெப்பமே அதனை உண்டாக்குகிறது. இந்த ஒரு செய்தியை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நக்கீரர் காட்டும் இரு பக்கம்

தமிழ்ப் புலவர்கள் குளிரை அறியாதவர்கள் அல்லர். பெரும்பொழுது ஆறனுள் கூதிர், முன்பனி, பின்பனி என்ற மூன்றும் குளிர்ச்சியுடையவை. ஆனால் அந்தப் பனி, இலையில் தங்கும் துளியும் விடியற்காலை மூடுபனியுமே. நீர் கல்லாக இறுகுவதைத் தமிழ்நிலம் ஆலங்கட்டி மழையில் மட்டுமே பெரும்பாலும் கண்டது. அதற்கு ‘ஆலி’ என்று பழஞ்சொல்லும் இருந்தது.

குளிரைப் பாடிய பழைய நூல்களுள் நெடுநல்வாடைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நக்கீரர் வெளியே நடுங்கும் ஆயரையும் விலங்கையும் பறவையையும் காட்டுகிறார். அவ்வளவோடு நில்லாமல் வீட்டிற்குள்ளும் செல்கிறார். தென்றல் வரும் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. குவிந்த வாயையுடைய கலத்திலுள்ள தண்ணீரை எவரும் பருகவில்லை. அகன்ற வாயையுடைய தடவில் செந்நெருப்பு கனல, அனைவரும் அதனை நாடுகின்றனர். பகலும் இரவும் தெரியாமல் மயங்கிய புறாக்கள், வீட்டின் விளிம்பில் கொடுங்கையைத் தாங்கும் கட்டையின் மேல் கால்மாறி நிற்கின்றன. வெளிக்குளிரையும் உள்வெப்பத்தையும் ஒரே பாட்டில் சேர்த்துப் பார்த்த கண் அது. பனிக்கட்டி தொங்கும் கூரையைப் புரிந்துகொள்வதற்கும் அதே இரட்டைப் பார்வை தேவைப்படுகிறது. வெளியிலிருந்து மட்டும் பார்ப்பவருக்கு அது அழகு. உள்ளேயும் சென்று பார்ப்பவருக்கு அது ஓர் அறிவிப்பு.

கூரையின் மேல் நிகழ்வது

கனடாவிலோ மின்னசோட்டாவிலோ உள்ள ஒரு சரிவுக் கூரை வீட்டை எண்ணிக்கொள்ளலாம். வெளியே சுழியத்துக்குக் கீழ் 10 பாகை செல்சியஸ். கூரையின் மேல் ஒரு முழ உயரம் வெண்பனி கிடக்கிறது. வெண்பனியின் இடுக்குகளில் காற்று நிறைந்திருப்பதால் அது கம்பளி போன்றது. தனக்குக் கீழுள்ள வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. வீட்டிற்குள் மக்கள் வாழும் அறைகளில் 20 பாகைக்கு மேல் சூடு இருக்கிறது. அறையின் உட்கூரைக்கும் மேற்கூரைக்கும் இடையே ஒரு பரண்வெளி உண்டு. மின்விளக்குப் பொருத்திய துளை, குழாய் செல்லும் வழி, புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடுக்கு, பரணுக்கு ஏறும் மூடி ஆகியவற்றின் வழியே வெதுவெதுப்பான காற்று மேலேறி அந்தப் பரண்வெளியை அடைகிறது. மேற்கூரையின் பலகை சூடாகிறது. அதன்மேல் கிடக்கும் வெண்பனியின் அடிப்பகுதி, வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், மெல்ல உருகத் தொடங்குகிறது.

உருகிய நீர் வெண்பனிப் போர்வைக்கு அடியில் ஒளிந்து சரிவில் இறங்குகிறது. சுவரைத் தாண்டியதும் இறவாரம். அதன் கீழே அறை இல்லை. வெளிக்காற்று மட்டுமே இருக்கிறது. ஆகவே அந்தப் பகுதி கடுங்குளிராக இருக்கிறது. அங்கே வந்து சேர்ந்த நீர் விளிம்பில் உறைகிறது. ஒரு துளி உறைய, அதன்மேல் அடுத்த துளி வழிந்து தொங்க, கீழ்நோக்கிய வளர்ச்சி தொடங்குகிறது.

இந்த வளர்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிலோ நீர் பனிக்கட்டியாக மாறுகையில் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 334 கிலோஜூல். 80 பாகை சூடுள்ள ஒரு கிலோ நீர் 0 பாகைக்கு ஆறும்போது விடும் வெப்பமும் ஏறக்குறைய இதே அளவுதான். எனவே தொங்கும் பனிக்கட்டி ஒவ்வொரு கணமும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சிறிது சூடாக்கிக்கொண்டேதான் வளர்கிறது. சூடான காற்று அதன் உடலை ஒட்டி மேலே ஏறுகிறது. மேலே செல்லச் செல்ல அந்தக் காற்றுப் படலம் தடிக்கிறது. படலம் மெலிந்த நுனியில் வெப்பம் விரைந்து நீங்குவதால் நீர் விரைந்து உறைகிறது. பருமனில் மெல்லவும் நீளத்தில் விரைவாகவும் அது வளர்வதற்கு இதுவே காரணம் என்று அரிசோனா பல்கலைக்கழக அறிஞர்கள் 2006ஆம் ஆண்டில் கணித வழியில் விளக்கினர். வளரும் நுனியில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளி எப்போதும் தொங்கும். நுனிக்கு உள்ளே இன்னும் உறையாத நீர் ஒரு மெல்லிய குழல் போல் நிற்கும்.

கூர்ந்து நோக்கினால் அதன் உடலில் வளையம் வளையமாக மேடு பள்ளம் தெரியும். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டிற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்; பனிக்கட்டி சிறிதானாலும் பெரிதானாலும் அந்த இடைவெளி பெரிதும் மாறுவதில்லை. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இவற்றைச் செயற்கையாக வளர்த்துப் பார்த்தார்கள். காய்ச்சி வடித்த தூய நீரில் வளர்ந்தவை வழவழப்பாக இருந்தன. மிகச் சிறிதளவு உப்புக் கலந்த நீரில் வளர்ந்தவையே அலைகொண்டன. 2013ஆம் ஆண்டில் வெளியான இந்த முடிவு கவிஞர்கள் கவனிக்கத்தக்கது. கண்ணுக்குத் தெரியாத கலப்பே கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை ஆக்குகிறது.

எல்லாப் பனித்தொங்கல்களும் வீட்டு வெப்பத்தின் விளைவு என்று கொள்ளலாகாது. பகல் வெயிலில் உருகி மாலையில் உறைபவையும் உண்டு. காஷ்மீரத்தில் டிசம்பர் 21இல் தொடங்கும் ‘சில்லை கலான்’ என்ற 40 நாள் கடுங்குளிர்க் காலத்தில், ஸ்ரீநகர் வீடுகளின் தகரக் கூரைகளில் அவை வரிசையாகத் தொங்கும். அங்கே மக்கள் காங்கிரி என்ற கணப்புச் சட்டியை மேலாடைக்குள் வைத்துக்கொள்வர். வெப்பத்தை வீடு முழுவதும் பரப்பாமல் உடலோடு வைத்துக்கொள்ளும் முறை அது. உறைமழை பெய்யும்போது மின்கம்பிகளிலும் மரக்கிளைகளிலும் பனிக்கட்டி தொங்குவதும் உண்டு. 1998ஆம் ஆண்டு ஜனவரியில் கிழக்குக் கனடாவைத் தாக்கிய உறைமழை, மின்கோபுரங்களையே மடக்கிச் சாய்த்தது. ஆயினும் ஒரு தெருவில் பல வீடுகள் ஒரே வெயிலையும் ஒரே குளிரையும் பெற்றிருக்க, ஒரு வீட்டில் மட்டும் ஆள் உயரத்துக்குப் பனிக்கட்டி தொங்குமானால், காரணத்தை வானத்தில் தேட வேண்டியதில்லை. அந்த வீட்டின் பரணில் தேட வேண்டும்.

அது செய்யும் தீங்கு

தீங்கு இரு வகைப்படும். ஒன்று கீழே நடப்பவருக்கு. மற்றொன்று உள்ளே வாழ்பவருக்கு.

ஒரு மீட்டர் நீளமும், அடியில் 10 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள கூம்பு வடிவப் பனிக்கட்டி ஏறத்தாழ 2.4 கிலோ எடை இருக்கும். இரண்டு மாடி வீட்டின் கூரையிலிருந்து, அதாவது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர். கூர்மையான கல்லொன்று அந்த வேகத்தில் தலையில் விழுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அது விழும் நேரமும் எதிர்பாராதது. கடுங்குளிர் நாளைக் காட்டிலும், குளிர் சற்றுத் தணிந்து வெயில் எட்டிப்பார்க்கும் நாளில்தான் பிடிப்புத் தளர்ந்து விழும். மக்கள் மகிழ்ந்து வெளியே வரும் நாளும் அதுவே.

உள்ளே நிகழும் தீங்கு ஓசையின்றி வருவது. விளிம்பில் தொங்குவது கண்ணுக்குத் தெரியும். அதன் பின்னால் கூரையின் மேல் படிந்து கிடக்கும் பனிக்கட்டி வரம்பு தெரியாது. வயலின் வரப்புப் போல அது இறவாரம் நெடுகிலும் திரண்டு, மேலிருந்து உருகி வரும் நீரைத் தேக்கிவிடும். அந்நாடுகளில் அதனை அணை என்ற சொல்லாலேயே குறிக்கின்றனர். கூரையின் மேல் அடுக்கப்பட்ட ஷிங்கிள் எனப்படும் தார் ஓடுகள், மீன் செதிள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. வழிந்தோடும் நீரைத் தள்ளிவிட அவை போதும். தேங்கி நிற்கும் நீரைத் தடுக்க அவற்றால் இயலாது. நீர் ஓடுகளுக்கு அடியில் பின்னோக்கி ஏறி, பலகையின் இடுக்கு வழியே பரணில் சொட்டும். அங்குள்ள வெப்பக்காப்புப் பஞ்சு நனையும். நனைந்த பஞ்சு வெப்பத்தைக் காக்காது. ஆகவே இன்னும் மிகுதியான வெப்பம் கசியும். கூரை இன்னும் உருகும். அணை இன்னும் உயரும். நோயே நோயை வளர்க்கும் நிலை இது. பிறகுதான் அறையின் உட்கூரையில் மஞ்சள் கறை தோன்றும். சுவரின் வண்ணம் உரியும். பூஞ்சை படரும், குழந்தைகளுக்கு மூச்சுத் தொல்லை வரவும் கூடும்.

இவற்றுக்கெல்லாம் முன்பே ஓர் இழப்பு தொடங்கிவிடுகிறது. வீட்டைச் சூடாக்க எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் கொடுத்த பணம் கூரை வழியே போய்க்கொண்டிருக்கிறது. புதிய நாட்டில் இரண்டு வேலை பார்த்து, இரவு நேரத் தொழிற்சாலையில் நின்று ஈட்டிய பணம் அது. பளிங்குத் தோரணம் என்று பாடப்படும் பொருள், ஒரு குடும்பத்தின் உழைப்பு உருகி ஓடி உறைந்த வடிவமாகவும் இருக்கிறது.

செய்யத் தகாதனவும் தக்கனவும்

பெரிய பனித்தொங்கலைக் கண்டவுடன் கம்பை எடுத்து அடிக்கத் தோன்றும். அதுவே முதலில் விலக்க வேண்டிய செயல். கீழே நின்று அடிப்பவர் மேல் அது விழும். ஒன்றை அடிக்கப் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து இறங்கும். அதனோடு மழைநீர்ப் பீலியும் பெயர்ந்து வரும். உறைந்த தரையில் ஏணி சாத்தி ஏறுவது எலும்பு முறிவுக்கு வழி. கோடரியாலும் உளியாலும் கூரைப் பனிக்கட்டியை வெட்டுபவர் ஓடுகளையும் சேர்த்தே வெட்டுகிறார். இளவேனில் மழையில் அந்த வடுக்கள் வழியே வீடு ஒழுகும். வெந்நீர் ஊற்றினால், அது வழிந்து நடைபாதையில் உறைந்து வேறொரு கண்ணியாகும். தீப்பந்தம் பிடித்தவர் வீட்டையே எரித்துக்கொள்ள நேரும்.

தக்கது யாது? முதலில், தொங்கலின் கீழ் யாரும் நடவாதபடி கயிறோ தடுப்போ கட்ட வேண்டும். வேறு வாசல் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். வீட்டைச் சூடாக்கும் உலையின் புகைக்குழாய் சில வீடுகளில் பக்கச் சுவர் வழியே வெளிவரும். அதன் வாய் பனிக்கட்டியால் அடைபட்டால், நச்சுவாயுவாகிய கார்பன் மோனாக்சைடு வீட்டிற்குள் திரும்பிவிடும். ஆகவே அந்த வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்கம்பியின் அருகே தொங்குவதைத் தொடவே கூடாது. மின்வாரியத்தை அழைக்க வேண்டும்.

அடுத்து, பனி பெய்து ஓய்ந்தவுடன் நீண்ட கைப்பிடியுள்ள பனிவாரியால், தரையில் நின்றபடியே கூரையின் கீழ்ப்பகுதியில் ஒரு மீட்டர் அல்லது ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெண்பனியை இழுத்துவிட வேண்டும். உருகுவதற்குப் பனி இல்லையெனில் உறைவதற்கு நீரும் இல்லை. அணை ஏற்கெனவே கட்டிக்கொண்டு வீடு ஒழுகத் தொடங்கியிருந்தால், நீண்ட காலுறை ஒன்றில் கால்சியம் குளோரைடு உப்பை நிரப்பி அணையின் குறுக்கே கிடத்துவர். அது மெல்ல உருக்கி ஒரு வாய்க்கால் திறக்கும். தேங்கிய நீர் வடியும். சமையல் உப்பு கடுங்குளிரில் வலுவிழக்கும். கூரையின் உலோகத்தையும் கீழுள்ள செடிகளையும் கெடுக்கும். பெரிய அணையை அகற்ற, தாழ்ந்த அழுத்தத்தில் நீராவி பாய்ச்சும் தொழிலாளரை அழைப்பதே தக்கது.

இவையெல்லாம் முதலுதவி. மருத்துவம் பரணில்தான் இருக்கிறது. உட்கூரையிலுள்ள துளைகளையும் இடுக்குகளையும் அடைப்பது முதல் வேலை. அதன் பின்னரே வெப்பக்காப்பைக் கூட்ட வேண்டும். துளையை அடைக்காமல் பஞ்சை மட்டும் அடுக்கினால் காற்று அதனூடே புகுந்து செல்லும். மூன்றாவதாக, இறவாரத்தின் அடியில் புகும் குளிர்காற்று கூரையின் உச்சி வழியே வெளியேறும்படி பரணில் காற்றோட்டம் அமைய வேண்டும். குளியலறைக் காற்றாடியும் அடுக்களைக் காற்றாடியும் தம் ஆவியைப் பரணுக்குள் விடாமல் வீட்டிற்கு வெளியே விட வேண்டும். சோறு பொங்கும் ஆவியும் குழம்பு கொதிக்கும் ஆவியும் நாள்தோறும் எழும் தமிழர் வீட்டில் இதனை மறந்தால், பரண் விரைவில் நனையும். கனடாவின் கட்டட விதித்தொகுப்பு, கூரை விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டர் மேலே, சுவரின் உட்புறத்தைத் தாண்டி 300 மில்லிமீட்டர் வரை எட்டும்படி ஓடுகளுக்கு அடியில் காப்புத் தகடு இடச் சொல்கிறது. தேங்கும் நீர் உள்ளே இறங்காமல் அது தடுக்கும். ஆனால் வெப்பக் கசிவை நிறுத்தாது. வாடகைக்கு இருப்போர் பரணைத் திருத்த இயலாது. அவர்கள் தொங்கலையும் கறையையும் படம் எடுத்து, உடைமையாளருக்கு எழுத்தில் தெரிவிப்பதே முறை.

இந்த மருத்துவத்தின் பயன் வியப்பானது. நன்றாகக் காக்கப்பட்ட வீட்டின் கூரை, குளிர்காலத்தில் வெளிக்காற்றைப் போலவே குளிர்ந்திருக்கும். அதன்மேல் விழுந்த வெண்பனி நெடுநாள் கலையாமல் கிடக்கும். தெருவில் முதலில் பனி கரைந்து கருக்கும் கூரையே கசியும் கூரை. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் முற்றம் வைத்தும் சாளரம் வைத்தும் வெப்பத்தை வெளியேற்றக் கற்றுக்கொண்ட மக்கள், வெப்பத்தை வீட்டிற்குள் பொதிந்து வைக்கும் கலையைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

ஒரு நகரமும் ஒரு சொல்லும்

ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் இந்தச் சிக்கலை நெடுங்காலமாக அறிந்தது. அங்குள்ள பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில், சூடேற்றும் குழாய்கள் மேற்பரண் வழியாகவே செல்கின்றன. 2010ஆம் ஆண்டின் கடுங்குளிர்காலத்தில் கூரைகளிலிருந்து விழுந்த பனிக்கட்டியால் உயிரிழப்புகள் நேர்ந்தன. தொழிலாளர் கூரை மீது ஏறிக் கடப்பாரையால் தட்டிவிட, கூரைத் தகடுகள் ஓட்டையாயின. அப்போது நகரின் ஆளுநராக இருந்த வலென்தீனா மத்வியென்கோ அம்மையார், லேசர் கதிரால் இவற்றை அறுக்கலாமே என்றார். அவ்வாறு சொல்லும்போது ருஷ்ய மொழியின் வழக்கமான ‘ஸஸூல்கா’ என்ற சொல்லின் ஈற்றிலுள்ள சிறுமைப் பொருள் விகுதியை விட்டு, ‘ஸஸூலி’ என்று பன்மையில் சொன்னார். நகரம் சிரித்தது. அந்தச் சொல்லை வைத்து ஒரு கவிஞர் எள்ளல் கவிதை எழுத, அது நாடெங்கும் பரவிற்று. கூரையைச் சீராக்காமல் நுனியை மட்டும் அறுக்க நினைத்த ஆட்சியை, ஒரு விகுதியைப் பிடித்துக்கொண்டு கவிதை தட்டிக்கேட்டது. மக்கள் தம் தலைக்கு மேல் தொங்கும் பொருளின் பெயரை எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

ஸஸூல்கா என்பது சப்புதல் என்ற பொருளுடைய வினையடியாகப் பிறந்த சொல். அதனை ஒடித்து வாயிலிட்டுச் சப்பிய குழந்தைகளின் நினைவு அதில் இருக்கிறது. ஜெர்மானியர் கூம்புக்காயையும் பீப்பாய் அடைப்பையும் குறிக்கும் சொல்லைச் சேர்த்து ‘ஐஸ்ட்ஸாப்ஃபென்’ என்கின்றனர். ஃபின்லாந்தினர் அதனைப் பனிக்குச்சி என்பர். ஜப்பானியர் ‘ட்சுராரா’ என்று ஒலித்து, பனித்தூண் என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதுகின்றனர். ஹைக்கூ மரபில் அது குளிர்காலத்துக்குரிய பருவச் சொல். ஆங்கிலச் சொல்லாகிய ‘ஐஸிகிள்’ என்பதன் இரு பாதிகளும் பழைய நாளில் பனிக்கட்டி தொடர்பான பொருளையே குறித்தன.  காஷ்மீரியர் ‘ஷிஷர்காண்ட்’ என்பர். ஒவ்வொரு மக்களும் தம் வீட்டிலும் தோட்டத்திலும் கைக்கெட்டிய பொருளைக் கொண்டே இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர்.

தமிழில் நிலைத்த பெயர் ஒன்று இன்னும் அமையவில்லை. பனி என்ற ஒரு சொல்லே துளிக்கும், மூடுபனிக்கும், வெண்பனிக்கும், கட்டிக்கும் சுமை தாங்குகிறது. பனிக்கூர், பனியீட்டி, பனித்தொங்கல் என்று சிலவற்றை ஆக்கிக்கொள்ளலாம். ஈட்டி என்பது அதன் ஆபத்தைச் சொல்கிறது. தொங்கல் அதன் நிலையைச் சொல்கிறது. ‘பனிவிழுது’ என்ற சொல்லையும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஆலமரத்தின் விழுதைப் போல அது மேலிருந்து கீழாக வளர்வது, நுனியில் ஈரத்தோடு நீள்வது, வரிசையாக இறங்குவது. ஒப்புமை அவ்வளவோடு நிற்காமல் முரணும் பொருள் தருகிறது. ஆலின் விழுது தரையைத் தொட்டால் மரத்தைத் தாங்கும். பனியின் விழுது எவ்வளவு நீண்டாலும் வீட்டைத் தாங்காது. பீலியையும் இறவாரத்தையும் கீழே இழுக்கும். விழுது என்று பெயரிட்டுவிட்டால், அந்த வேறுபாட்டைக் கவிதை சொல்லாமலே சொல்லும். சொல்லை ஏற்பதும் தள்ளுவதும் கவிஞர்களின் உரிமை; பொருளை அறிந்து பெயரிட வேண்டும் என்பதே வேண்டுகோள்.

அறிவு அழகைக் கெடுக்கும் என்ற அச்சம் கவிஞர் சிலருக்கு உண்டு. பனிவிழுதைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு இடமில்லை. குளிரின் அணி என்று மட்டும் பாடிய கவிதைக்கு வாசலுக்கு வெளியே ஒரு காட்சி மட்டுமே கிடைக்கும். அது வெப்பத்தின் கசிவு என்று அறிந்த கவிதைக்கு வீடு முழுவதும் கிடைக்கும்: அடுக்களையில் பொங்கும் சோறு, பரணில் நனையும் பஞ்சு, இரவு வேலை முடிந்து திரும்பும் தாய், அவள் தலைக்கு மேல் வாசலில் தொங்கும் கூர்மை, எல்லாமே அக்கவிதைக்குள் வந்து சேரும். திணை என்பது நிலத்தின் காட்சி மட்டுமன்று; அந்நிலத்தில் வாழும் மக்களின் ஒழுக்கம். பனிநிலத்தின் ஒழுக்கங்களுள் ஒன்று, விளிம்பில் தொங்குவதை அடித்து வீழ்த்துவதற்கு முன் உள்ளே சென்று எங்கே கசிகிறது என்று பார்ப்பது.

பத்தாண்டுகளாகப் பாட்டையும் பொருளையும் சேர்த்தே ஆராய்ந்து வரும் இவ்வட்டம், வருங்காலத்திலும் அப்பணியைத் தொடர்ந்து செய்து சிறக்க வாழ்த்துகள்.